முதல் தோணியில் போன சாமான்

எங்கள் வீட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் அடியில் புள்ளி இருந்தது. அக்காவின் சாமானுக்கு ஒரு புள்ளி. என்னுடையதுக்கு இரண்டு. அம்மா சிவப்புக் கியூட்டெக்ஸால் வைத்த புள்ளிகள். அந்தக் கியூட்டெக்ஸை அம்மா ஒருநாளும் தன் நகத்தில் பூசி நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பார். வருகிறவர் வெறும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று, பெண் பிறந்ததும் தாய் சாமான் சேர்க்கத் தொடங்குவார். அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் பெண். அதனால் இரண்டு வீட்டுச் சாமான் ஒரு வீட்டுக்குள் கிடந்தது.

வீடு பனிச்சங்கேணியில், வாவிக்கரையில். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. அதற்குள் அகதி முகாமில் இருந்த காலத்தில் கொடுத்த நீல வாளி ஏழு. குவைத்தில் இருந்த சின்னம்மா அனுப்பிய புலிப்படக் கம்பளி மூன்று. எங்கள் ஊர் வெக்கைக்கு அதை விரித்துப் பார்த்தாலே வேர்க்கும். ஓட்டமாவடியில் இருந்து லொறியில் வரும் வியாபாரியிடம், காக்கா என்று கூப்பிடுவோம், வாங்கிய சில்வர் தட்டுகள், பூப்போட்ட கண்ணாடித் தட்டுகள், குடங்கள். எல்லாவற்றுக்கும் பெரிதாக ஒரு கிடாரம். நூறு பேருக்குச் சோறு ஆக்கலாம். நாங்கள் நாலு பேர். கிடாரத்துக்கு அடியில் இரண்டு புள்ளி. அது எனக்கு.

யாராவது இது எதற்கு என்று கேட்டால் அம்மா ஒரே சொல்தான் சொல்வார்.

“தேவைப்படும்.”

தேவைப்படும் நாள் வரும்வரை அந்தச் சாமானுக்கு அம்மா வேலைக்காரி. வெள்ளிக்கிழமை தட்டுகளை இறக்கிக் கழுவித் துடைத்து ஏற்றுவார். கம்பளியை வெயிலில் போட்டுக் காகம் வராமல் காவல் இருப்பார். எலி, கரப்பான், இரும்பில் ஏறும் கறள் என்று அம்மாவுக்கு மூன்று எதிரி. நாலு பேரும் சேர்ந்து ஒரு இடத்துக்குப் போனது கிடையாது. கோயில் சடங்கு என்றால் அப்பாவும் நானும் அக்காவும் போவோம். அம்மா வீட்டில். பூட்டுப் போட்டாலும் அவருக்குப் போதாது. பாய் விரிக்க முதல் சாமானை நகர்த்துவோம். விடிந்ததும் திரும்ப நகர்த்துவோம். நான் படுக்கும் இடம் குடங்களுக்கும் தையல் மெசினுக்கும் நடுவில். புரண்டால் வீடே எழும்பும்.

அப்பா வாவியில் இறால் பிடிக்கிறவர். கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வரும்போது ஒரு வீச்சுவலையும் இரண்டு சாரனும் கொண்டுவந்தாராம். ஒருநாள் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

“இந்த வீட்டில புள்ளி வைக்காத சாமான் நான் ஒண்டுதான்.”

“வச்சாலும் உங்கள ஆரு கொண்டு போவா?” என்றார் அம்மா.

அக்காவுக்குப் புரையேறிவிட்டது.

எனக்கு ஒன்பது வயதில் அந்த மாரி வந்தது. மூன்று நாள் விடாத மழை. வாவி கடலில் விழும் வாயை மணல் மூடிக் கிடந்தது. அதை ஆத்துவாய் என்போம். அதை வெட்டிவிட்டால்தான் தண்ணீர் வடியும். இன்றைக்கு வெட்டுவார்கள், நாளைக்கு வெட்டுவார்கள் என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை தண்ணீர் வாசற்படியில் நின்றது. பக்கத்து வளவில் இருந்த பெரியம்மா குடும்பம் முதல்நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடம் மேட்டில். நாங்கள் போகவில்லை. அம்மா சாமான் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா தோணியை வாசலுக்கே கொண்டுவந்தார்.

“ஆக்கள் முதல்ல ஏறுங்க. சாமானப் பிறகு பாப்பம்.”

“பிறகு வந்து பாக்க என்ன இரிக்கும்? ஆத்தோட போயிரும்.”

“போனாப் போகட்டும்.”

“ஓம், உங்களுக்கென்ன. வலையோட வந்த ஆள், வலையோட போயிருவீங்க.”

அப்பா தோணியைப் படியோடு சேர்த்துப் பிடித்தார். அவர் பேசாவிட்டால் அம்மா சொன்னது நடக்கும்.

தட்டுக் கட்டு ஏறியது. உரப்பையில் கட்டிய கம்பளி ஏறியது. தையல் மெசின் ஏறியது. குடங்கள் ஏறின. அக்காவுக்குக் காய்ச்சல், அவளையும் ஏற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் சாமானை இறக்கி வைத்துப் பார்க்க ஆள் வேண்டும், அதனால் அம்மாவும் ஏற வேண்டும். தோணி விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல்தான் இருந்தது. அம்மா தோணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மனே, நீ கட்டில்ல ஏறி இரி. மிச்சச் சாமானப் பாத்துக்க. அப்பா இந்தா வந்திருவார்.”

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையையும் மனே என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பெருமை. அதுவரை அந்தச் சாமானைத் தொட்டால் அடி விழும். இப்போது நான் காவல்காரி. கட்டிலில் ஏறி இருந்தேன். தோணிக்குள் அடங்காத கிடாரம் கட்டிலில் என் பக்கத்தில் இருந்தது. நீல வாளிகளும் விடுபட்டுப் போயின. சும்மா கிடைத்தவை என்பதால் அவை இரண்டாம் தோணி.

அப்பா இந்தா வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது தோணி தள்ளும் கம்புக்கு நிலம் எட்டவில்லையாம். தண்ணீர் இழுவை தோணியைக் கண்டல் மரக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் செருகிவிட்டது. அது எனக்குத் தெரியாது. நான் வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கட்டில் கால் முழுவதும் ஏறியது. பிறகு பாய் நனைந்தது. நான் கிடாரத்துக்குள் ஏறிக் குந்தினேன்.

கொஞ்ச நேரத்தில் கிடாரம் அசைந்தது. பிறகு மிதந்தது.

வீட்டுக்குள் தோணி ஓட்டிய ஆள் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான். விளக்குமாற்றால் சுவரைத் தள்ளித் தள்ளி அறையை இரண்டு முறை சுற்றினேன். வாளிகளும் என்னோடு சுற்றின. அவற்றை வரிசையில் வரச் சொல்லி அதட்டினேன். அலுமாரி ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு எலி நீந்திப் போனது. கூரையைத் தாங்கும் வளை கைக்கு எட்டும்போல இருந்தது. இத்தனை நாள் அண்ணாந்து பார்த்த வளை. தொட்டுப் பார்த்தேன். அது எனக்கு நல்ல விளையாட்டாக இருந்தது.

அப்பா கதவடிக்கு வரும்போது தண்ணீர் அவர் நெஞ்சுக்கு மேல் நின்றது. தோணியை வெளியில் கட்டிவிட்டு நீந்தி வந்திருந்தார். கை இரண்டும் கண்டல் கிழித்து இரத்தம். என்னைத் தூக்கித் தோளில் போட்டார். கிடாரம் சரிந்து, தண்ணீர் குடித்து, உருண்டு போனது.

“அப்பா, கிடாரம்! ரெண்டு புள்ளி!”

“விடு மனே,” என்றார். வழி முழுக்க அவர் பேசியது அது மட்டும்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை மூலையில் எங்கள் சாமான் அடுக்கி இருந்தது. ஒன்றும் நனையவில்லை. அக்கா கம்பளிக்குள் படுத்திருந்தாள். அம்மா வாசலில் நின்றார். அப்பாவின் கையைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார்.

“தண்ணி எதுமட்டும்?”

நான் கையை உயர்த்தி வளையைக் காட்டினேன். கிடாரத்தில் போனதையும் வாளிகளை அதட்டியதையும் சொன்னேன். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

“சாமான் ஒண்டும் நனையல்ல போல. புள்ளதான் நனைஞ்சிரிக்காள்.”

பெரியம்மாவும் அம்மாவும் வாயில் ஒருவருக்கு ஒருவர் தோற்காத அக்கா தங்கச்சி. அம்மா திருப்பிக் கொடுப்பார் என்று நான் காத்திருந்தேன். அம்மா சீலைத் தலைப்பை எடுத்தார். என் தலையைத் துவட்டினார். துவட்டி முடிந்த பிறகும் துவட்டினார்.

அடுத்த நாள் காலை, கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் பிள்ளையைக் குளிப்பாட்ட ஏனம் தேடினார். அம்மா எங்கள் குடம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒரு புள்ளிக் குடம். மத்தியானம் எல்லோருக்கும் சேர்த்துச் சமைத்தார்கள். அம்மா தட்டுக் கட்டை அவிழ்த்தார். நான் பிறந்ததில் இருந்து அந்தத் தட்டில் ஒருவரும் சோறு தின்றதில்லை. அன்றைக்கு ஊர் தின்றது. கழுவி வைத்த தட்டை எண்ணி எடுக்க அம்மா போகவில்லை. அக்கா போகப் பார்த்தாள். “இரி” என்றார் அம்மா.

ஆத்துவாய் வெட்டித் தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பினோம். தோணி லேசாக வந்தது. நானும் உள்ளே இருந்தேன். சாமான் இரண்டாம் தோணியில் வந்தது.

வீட்டில் சேறு முழங்கால் வரை. அதை அள்ளி முடித்த பிறகும் அம்மா நிற்கவில்லை. ஒவ்வொரு சாமானையும் வெளியில் எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். தேவைப்படும் என்ற சொல் அதோடு போனது. புதிதாக வந்தது இதுதான்.

“இதக் கழுவுறது ஆரு?”

கழுவ ஆள் இல்லாதது வெளியில் நின்றது. கம்பளி மூன்றும் போயின. வாளி இரண்டு நின்றது, ஐந்து போனது. அலுமாரி போனது. யாருக்கு எது என்று அம்மா யோசித்துத்தான் அனுப்பினார். மாடு வைத்திருக்கிறவருக்கு வாளி. புதிதாகக் கலியாணம் முடித்த பிள்ளைக்குத் தட்டு. கொண்டுபோய்க் கொடுக்கிறது என் வேலை.

“அம்மா குடுத்தா எண்டு சொல்லாத. இடமில்லையாம், வச்சிரிங்க எண்டு சொல்லு.”

சாமான் போய் அழுத ஆட்களை அந்த மாரியில் நிறையக் கண்டேன். பிழைத்துக் கிடந்ததைத் தன் கையால் அனுப்பிவிட்டு அழாமல் நின்ற ஆள் அம்மா ஒருவர்தான். பதினாறு வருடம் சேர்த்தது. ஒரு மாதத்தில் முடித்தார்.

பெரியம்மா வேலியில் நின்று பார்த்தார்.

“என்னடி, துறவு போகப் போறியா?”

“இல்லக்கா. படுக்கப் போறன்.”

சொன்னது போலவே செய்தார். அன்று மத்தியானம் நடு அறையில் சீலைத் தலைப்பை விரித்துப் படுத்தார். பகலில் அம்மா படுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. செத்துப்போனாரோ என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். அப்பாவும் வந்து ஒரு பக்கத்தில் காலை நீட்டினார்.

“இந்த வீடு இவ்வளவு நீட்டமா?” என்றார்.

எனக்கு மட்டும் கோபம். அக்காவின் சாமானை அக்காவிடம் கேட்டுத்தான் அனுப்பினார். அவள் அழுது அழுது ஆறு தட்டும் தையல் மெசினும் வைத்துக்கொண்டாள். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. இரண்டு புள்ளி எல்லாம் போனது. கிடாரத்தைக் காப்பாற்றாததுக்குத் தண்டனை என்று நினைத்தேன். இனி எனக்குக் கலியாணம் இல்லை என்றும் நினைத்தேன். பூப்போட்ட கண்ணாடித் தட்டு ஒன்றை எடுத்து அரிசிச் சாக்குக்குள் புதைத்து வைத்தேன். அன்று மாலையே அரிசி எடுக்கப் போன அம்மாவின் கையில் அது பட்டது. அம்மா அதைக் கழுவினார். இரவு எனக்கு அதில் சோறு போட்டார். அதன்பிறகு அது என் தட்டு. கழுவுகிற ஆளும் நான்.

வீடு வேறு வீடாகிவிட்டது. கூட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்தது. புரண்டு படுக்கலாம். அம்மா அப்பாவோடு தோணியில் போய் இறால் பிரித்தார். முகத்தில் வெயில் பட்டு இன்னும் கறுத்தார், அது அவருக்கு வடிவாக இருந்தது. அடுத்த சடங்குக்கு நாலு பேரும் போனோம். கதவில் பூட்டுப் போடவில்லை. நாய் போகாமல் ஒரு கயிறு கட்டினார். அவ்வளவுதான்.

எனக்குக் கலியாணம் நடந்தது. அது வேறு கதை. மாப்பிள்ளை வெறும் வீட்டுக்குள்தான் வந்தார். நல்லா காற்று வருது என்றார்.

தண்ணீர் பிறகும் வந்தது. எங்கள் பக்கம் வராமல் இருக்காது. கலியாணத்துக்கு முதலே, எனக்குப் பதினாலு வயதில் ஒரு மாரி. படியில் தண்ணீர் ஏற முதலே அம்மா எழும்பிவிட்டார். ஒரு பை. அதை அப்பாவிடம் கொடுத்தார். அக்காவைத் தோணியடிக்குப் போகச் சொன்னார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

தோணியில் முதலாவதாக என்னை ஏற்றினார். ஏற்றிய பிறகும் விடவில்லை. பெரியம்மாவின் ஆட்கள், என் வகுப்புப் பொடியன்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“அம்மா, கை நோகுது.”

“நோகட்டும்.”

பள்ளிக்கூடத்தில் இறங்கிய பிறகுதான் விட்டார். சாமான் பயம் போய் அம்மாவுக்குத் தண்ணீர்ப் பயம் பிடித்துவிட்டது என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். பிறகு கையைப் பார்த்தேன். அம்மாவின் விரல் பட்ட இடத்தில் சிவப்பாக, புள்ளி புள்ளியாக இருந்தது. ஆத்திரத்தில் அதைத் தேய்த்துத் தேய்த்து அழிக்கப் பார்த்தேன்.