சனத்தைக் காட்டும் நேரம்

எனக்குப் பாட்டு விளங்கும் என்று நம்பியதுதான் என் முதல் மொக்குத்தனம். குருநகரில் மாதா கோயில் பாடகர் குழுவில் என்னைச் சேர்த்த மாஸ்டர், இரண்டாம் ஞாயிறே காதுக்குள் சொல்லிவிட்டார்: "காணும் அப்பன், காணும். நீ பாடினது போதும். வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்." பத்து வயதில் அதை நான் ஒரு தனிப் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டேன். பாட முடியாதவன் வேறென்ன செய்வான்? நீதிபதியானேன். தொலைக்காட்சியில் இசை விருது விழா என்றால், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுத்தது அநியாயம் என்று கதிரைக் கையில் அடித்துத் தீர்ப்புச் சொல்வேன். விழாக்காரர் ஒருமுறைகூட என்னைக் கேட்டு நடக்கவில்லை. அந்த விழாக்களைப் பார்ப்பதில் ஏதும் பிரயோசனம் உண்டா என்று இன்று யாராவது கேட்டால் எனக்கு வாய் வருவதில்லை. அன்றைக்கு வாய் மட்டும்தான் வந்தது.

என் தீர்ப்புகளுக்கு ஒரேயொரு பார்வையாளர் இருந்தார்: அடுத்த வளவு வீட்டில் தனியே இருந்த பெரியம்மா. நாடகம் பார்க்க மாட்டார், செய்தி பார்க்க மாட்டார்; விருது விழா என்றால் மட்டும் றால் சட்டியோடு வந்து எங்கள் வீட்டு நிலத்தில் உட்கார்ந்துவிடுவார். ஆனால் அவர் பார்த்த விதம் தலைகீழ். பாட்டு நடக்கும்போது குனிந்து றால் உரிப்பார். பரிசு கொடுக்கும்போதும் உரிப்பார். கைதட்டல் எழுந்து கமரா சனத்தின் பக்கம் திரும்பியதும், சட்டியைத் தள்ளிவிட்டு முழங்காலில் நகர்ந்து திரைக்குக் கிட்டப் போவார்.

அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணை, கடைசிச் சண்டைக்காலத்தில் வன்னியில் அகப்பட்டவர். அதன்பிறகு ஆளும் இல்லை, செய்தியும் இல்லை. இதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால் அம்மா, "அவன் வெளியிலை" என்பார். எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் வெளியிலைதான்: மாமா கனடாவில், சித்தப்பா லண்டனில். ஆகவே அண்ணையையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தேன். மற்றவர்கள் சொக்லேற் பெட்டி பெட்டியாக அனுப்ப, இவர் ஒரு ரொபிகூட அனுப்பவில்லையே என்று எனக்கு உள்ளூரக் கோபம்.

பெரியம்மாவிடம் மீன் வாங்க வந்த ஒருத்தி சொன்னாளாம்: வெளிநாட்டில் நடந்து தொலைக்காட்சியில் காட்டிய ஏதோ இசை விழாவில், சனத்துக்குள்ளே அவருடைய மகனைப் போல ஒரு பெடியன், தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டிக்கொண்டு நின்றான் என்று. அண்ணை அப்படித்தான் தட்டுவாராம். பெருநாள் இசைக்குழுவுக்கு முன்னால் அவர் நின்றால் பின்னால் நிற்பவர்களுக்கு மேடையே தெரியாதாம். இதெல்லாம் நான் வளர்ந்தபிறகு கேட்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, பெரியம்மாவின் முதுகு எனக்கு மேடையை மறைக்கிறது என்பதுதான்.

"பெரியம்மா, மறைக்கிறியள்!"

"பொறு ராசா, சனத்தைக் காட்டுறாங்கள்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் தேர்ந்தெடுத்த பாடகருக்கு விருது கிடைக்கவில்லை. ஆத்திரத்தில் விழாவையே தோலுரிப்பது என்று உற்றுப் பார்த்ததில் பெரிய களவொன்று பிடிபட்டது. மஞ்சள் சீலைக்காரி ஒருத்தி சோகப் பாட்டுக்கு லேஞ்சியால் கண்ணைத் துடைத்தாள். பிறகு பகிடிக்காரன் வந்து பகிடி விட்டுச் சனம் சிரித்தபோதும் அதே சீலை, அதே லேஞ்சி, அதே துடைப்பு. பக்கத்தில் அதே மொட்டைத்தலை.

"பெரியம்மா, உது முழுக்கப் பொய்! உந்தச் சனம் இப்ப இருக்கிற சனமில்லை. எப்பவோ எடுத்ததை வெட்டி வெட்டி ஒட்டுறாங்கள்."

றால் உரித்த கை நின்றது.

"எப்பவோ எடுத்ததோ?"

"ஓம்! ஆர் கண்டது, உதிலை கைதட்டுற ஆக்கள் இப்ப செத்தும் போயிருப்பினம்."

நல்ல பகிடி என்று நானே சிரித்தேன். குசினிக்குள்ளிருந்து அம்மா அகப்பையோடு ஓடிவந்தார்.

"வாயைப் பொத்தடா, மூதேசி! அக்கா, அவன் விசரன், அவன்ரை கதையை விடு."

அம்மாவுக்கு ஏன் இத்தனை கோபம் என்று விளங்கவில்லை. வென்ற பாடகர் அம்மாவுக்குப் பிடித்தவர்போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மா பாதி உரித்த றாலோடு எழுந்து போனார். திரையில் சனம் எழுந்து நின்று தட்டியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. படலை சாத்துகிற சத்தம் கேட்டது. வழக்கில் வென்றவனாகக் கதிரையில் நன்றாகச் சாய்ந்தேன். இப்போது மேடை முழுவதும் தெரிந்தது.

விழாவின் இரண்டாம் பாகம் அடுத்த ஞாயிறு. பெரியம்மா வரமாட்டார் என்றுதான் இருந்தேன். வந்தார். றால் சட்டி இல்லை, கண்ணாடி போட்டிருந்தார். நேரே திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. மஞ்சள் சீலைக்காரி மறுபடியும் கண்ணைத் துடைத்தாள். அவளுக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத இடத்தில், சில கைகள் தலைக்கு மேலே தட்டிக்கொண்டிருந்தன. முகங்கள் தெரியவில்லை. பெரியம்மா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு தெளிவாகக் களவைக் காட்டிக் கொடுத்த பிறகும் ஒருவர் இப்படி ஏமாறலாமா?

"பெரியம்மா, உது பழைய சனமெண்டு சொன்னனானெல்லோ? பிறகேன் இருந்து பாக்கிறியள்?"

அவர் திரும்பவில்லை.

"பழசெண்டாலும் எனக்குக் காணும்."