நான் இடிச்ச அடுப்பும் ஜைத்தூன் கட்டுன பொட்டியும்

கடப்பாரைய ஓங்கி மொத குத்து குத்துனதும் நூறு வருஷத்துக் கரி அப்படியே மூஞ்சியில கொட்டுச்சுங்க. வாய்க்குள்ள கசப்பு. கண்ணு தெரியல. ஆனாலும் நிறுத்துவனா நானு? மூணே குத்துல அந்த வெறகடுப்பும் பொகைக்கூண்டும் தரைமட்டம்...

(சரி சரி, என் ஊட்டுக்காரி ஜைத்தூன் இதப் படிப்பா. ரெண்டு ஆளு சேந்து ஒரு நாளு முழுக்க இடிச்சோம்.)

எட்டு வருஷம் இருக்கும். சேலத்துல டயர் பிசினஸ்ல நான் கொடி கட்டிப் பறந்த காலம். பஞ்சர் கடைன்னு சொல்றவன் சொல்லட்டும், மலை ஏறுற பஸ்ஸுல பாதி என் கை பட்டுத்தான் ஏறும். ஒரு சித்திரை வெயில்ல, ரோடே தார் கக்கிட்டிருந்தப்ப, முடிவு பண்ணேன்... போதும், இனி மலையிலதான் வாசம்.

ஏற்காட்டுல இருந்து செம்மநத்தம் போயி, அதுக்கும் தாண்டி, மலைக்கு வடக்குச் சரிவுல ஒரு பழைய ஓட்டு ஊடு. எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டர் ஒருத்தரு இருந்த ஊடு. சன்னலத் தொறந்தா காத்து ஐஸ் மாதிரி வருது. அங்கேயே கை குடுத்துட்டேன். வடக்குப் பக்கம் ஏன் வெல கம்மின்னு கேக்கோணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க. சேலத்துக்காரன் மலையில ஊடு பாக்கறது எப்பவும் சித்திரையிலதான். ஐப்பசியில எவன் பாக்கறான்?

சேலத்து ஊட்ட வித்தாச்சு. சொந்தக்காரங்க எல்லாருக்கும் "எஸ்டேட் வாங்கிட்டேன்"னு சொல்லியாச்சு. ஊட்டுக்குப் பின்னால எட்டு காப்பிச் செடி இருந்துச்சுங்க, பொய்யில்ல.

ஜைத்தூன் மட்டும் மயங்கல. ஒரே வார்த்தைதான் சொன்னா.

"ஏனுங்க, ஒரே ஒரு மழக்காலம் பாப்பேன். ஒத்து வரலீன்னா தையில நான் எறங்கிப் போயி என் தம்பி ஊட்டுல இருந்துக்குவேன். நீங்க உங்க எஸ்டேட்ட ஆண்டுக்கிட்டு இருங்க."

அவ சொன்னா சொன்னதுதான்.

அவ மலையேறி வர்றதுக்கு முன்னாலயே அடுப்ப இடிச்சேன், அவள அசத்தோணும்னுதான். வெள்ள டைல்ஸு, கேஸ் அடுப்பு, மேல எக்ஸாஸ்ட் ஃபேனு. பக்கத்துல எஸ்டேட் ஆளுங்க வரிசையா குடியிருக்கற லயத்துல இருந்து, காப்பி பறிக்கற காவேரி வேலைக்குப் போற வழியில நின்னு பாத்தாங்க.

"ஏனுங்க பாய், அடுப்ப இடிச்சுப்போட்டு ஊட்ட எதுல காய வெப்பீங்க?"

"ஏம்மா, ஊடு என்ன துணியா, காயப் போடறதுக்கு?"ன்னு கேட்டேன். கூட இருந்த கொத்தனாரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. அந்தம்மா கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு.

ஐப்பசி வந்துச்சு.

சூரியன் மலைக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிச்சுங்க. பதினோரு நாளு எங்க ஊட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. செவுரு வேர்த்துச்சு. உப்பு தண்ணியாச்சு. தீக்குச்சிய உரசுனா மருந்து மாவா உதிருது. துவைச்ச சட்டைய துவைச்ச ஈரத்தோடயே போட்டுக்கிட்டேன். ஜைத்தூனோட நிக்காஹ் பட்டுச்சேலையில வெள்ளையா பூஞ்சை. தொழுவுற பாயிலயும் அதே நாத்தம். முட்டி வலியில அவளால உக்காந்து எந்திரிக்க முடியல.

எனக்கு ஒரு எடத்துல கால் நிக்கல. காலைல ஏற்காடு பஜாருக்கு ஓடுவேன், திரும்பி வருவேன், ரூமுக்கு ரூமு நடப்பேன். ஒரு நாளு குப்பனூர் வழியா கீழ எறங்கி ஹீட்டர் வாங்கியாந்தேன். கொண்டாந்து மாட்டுன அன்னிக்குப் போன கரண்டு மூணு நாளு வரல.

நாலாவது நாளு பாக்கறேன்... அறைக்குள்ள பொட்டி கட்டி வெச்சிருக்குது. தை வர்றதுக்குள்ளயே! ஆளக் காணோம்.

பகல் பஸ் வர்ற நேரம். ஓடுனேன் பாருங்க, அந்தச் சேத்துல ஒரு மைலு... (கால் மைலு.) பஸ்ஸு என் கண்ணு முன்னாலயே கெளம்பிருச்சு. அவ்ளோதான், பொட்டியக் கூட எடுக்காம போயிட்டான்னு நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேங்க, அழுதுட்டேன்.

திரும்பி வர்ற வழியில காவேரி ஊட்டு ஓட்டுச் சந்துல பொகை வந்துக்கிட்டு இருந்துச்சு. உள்ள ஜைத்தூன் பேச்சு கேக்குது.

எட்டிப் பாத்தேன். அடுப்புக்கு முன்னால காலை நீட்டி உக்காந்திருக்கா. மேல கொடியில அந்தப் பட்டுச்சேலை. தீக்குச்சி, உப்பு ஜாடி, வெறகு எல்லாம் அடுப்போரமா வரிசையா இருக்குது, மொறமொறன்னு. செவுரு கூட காஞ்சு கெடக்குது.

"நம்ம ஊட்டுலயும் இப்படி அடுப்பு இருந்துச்சாமே?"ன்னு கேட்டா ஜைத்தூன், திரும்பிக்கூடப் பாக்காம.

நான் வாசப்படியில காலு சேத்தத் தேச்சுக்கிட்டு நின்னேன்.

காவேரி வெறகத் தள்ளிவிட்டுக்கிட்டே, "உடுங்க அக்கா. ஊடு என்ன துணியா?"ன்னாங்க.

ரெண்டு பேரும் சிரிச்சாங்க பாருங்க... அந்தச் சிரிப்புக்கு நான் கீழ உருண்டு குப்பனூர்லயே விழுந்திருக்கலாம்.

"அடுப்பக் கட்டுங்க. பொட்டிய என்ன பண்றதுன்னு அப்பறம் பேசலாம்"னா.

மக்யா நாளு விடிஞ்சதுமே டைல்ஸ என் கையாலயே ஒடைச்சேன். காவேரி ஊட்டுக்காரரு மண்ணு கொழைச்சாரு, நான் வெச்சேன். மொதல்ல கட்டுனது பொகைய உள்ளாற தள்ளுச்சு, இடிச்சு மறுபடி கட்டுனோம். குடி வந்தப்ப கேஸுல பால் காச்சுனோம், இப்ப ரெண்டாந்தரம் வெறகுல காச்சுனோம். அது பொங்குன வரைக்கும் நான் மூச்சு உடலைங்க.

இப்ப?

ஜைத்தூன் ஒரு கல்யாணத்துக்குக் கூட கீழ எறங்க மாட்டேங்கறா. "அடுப்ப யாரு பாத்துக்குவா?"ங்கறா. எனக்குத்தான் இன்னிக்கும் கால் நிக்கறதில்ல. வாரம் ஒருக்கா சேலம் போயி, மகன் நடத்தற கடையில பழைய டயர் மேல உக்காருவேன். அப்பெல்லாம் ரப்பர் நாத்தம்னு சட்டைய வாசல்லயே கழட்டச் சொல்லுவா ஜைத்தூன். இப்ப மருமக சொல்லுது, "மாமா, உங்க மேல நொம்பப் பொகை வாடைங்க"ன்னு. ஒரு மணி நேரம் தாங்க மாட்டேன், மலை பஸ்ஸத் தேடிக் கெளம்பிருவேன். மேல வந்தா மறுபடி கீழ போவோணும்னு இருக்குது...

போறதுன்னா மஞ்சப்பைதான். ஊட்டுல இருந்த ஒரே நல்ல பொட்டி, அவ அன்னிக்குக் கட்டுனது, இப்ப அடுப்போரமா இருக்குது. சேலையெல்லாம் எடுத்துட்டு, காஞ்ச சுள்ளி போட்டு வெச்சிருக்கா.