லேசர் வேண்டாமென்றது யார்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ஆவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் பின்புறம் இருந்தது அந்தக் கூடம். படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மலைமலையாக வந்து குவியும். துவைத்துப் பிழிந்து பாதி ஈரமாக வருவதை ஆவி இயந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே விரித்து அழுத்துவது அவள் வேலை. மேல்தட்டைத் தூக்கியதும் குப்பென்று ஆவி கிளம்பும். வெள்ளைத் துணிகளுக்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவிலிருந்து அவள் நடந்து வருவதைப் பார்த்த யாரோ ஒருத்தி, "ஆவி வருது, வழி விடுங்க" என்று சொல்லப்போக, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. பள்ளிக்கூடத்துப் பெயருக்கு இது எவ்வளவோ மேல். அங்கே அவள் சோடாபுட்டி.

சோடாபுட்டியின் அடிப்பாகம் போலத்தான் இருந்தது கண்ணாடி. அது இல்லாவிட்டால் நீட்டிய கையின் விரல்கள் கலங்கலாகிவிடும். காலையில் எழுந்ததும் கட்டிலோரம் தடவித் தடவிக் கண்ணாடியைக் கண்டுபிடித்த பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும். வேலையிடத்திலோ தட்டைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணாடி வெள்ளையடித்தாற்போல் மூடிக்கொள்ளும். துடைப்பதற்கென்றே இடுப்பில் ஒரு பழைய உறைத் துண்டைச் செருகி வைத்திருந்தாள். ஒருநாள் துடைக்க நேரமில்லாமல் குத்துமதிப்பாகக் கையை நீட்டினாள். மணிக்கட்டு சூடான தட்டில் பட்டது. கொப்புளம் ஆறித் தழும்பாகும் வரை சட்டைக் கையை இழுத்துவிட்டே வீட்டில் நடமாடினாள்.

அந்தச் சமயத்தில்தான் துணி ஏற்றிச் செல்லும் வேன்காரர் கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டு வந்தார். மதிய இடைவேளையில் தூரத்து விளம்பரப் பலகையைப் பொடி எழுத்து வரை படித்துக் காட்டினார்.

"கண்ணாடியத் தூக்கிக் கடாசிட்டேன் அக்கா. தூங்கப் போறப்பகூடக் கழட்டுறதுக்கு மூக்குல கை போகுது. அங்க ஒண்ணும் இல்ல. எனக்கே சிரிப்பா வருது."

அவளும் சிரித்தாள். அன்று மாலை பேருந்தில் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கலங்கிய தெருவைப் பார்த்தபடியே வந்தாள். ஆசை என்பது அவளுக்குப் பழக்கமில்லாத சமாசாரம். அது உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு எழுப்பி அனுப்பத் தெரியவில்லை.

தடையாக இருந்தது பயமல்ல, மகள்.

மகளுக்குச் சின்ன வயதிலேயே கண்ணாடி வந்துவிட்டது. வருடாவருடம் பவர் ஏறியது. அப்பா பூட்டு, சாவி பழுதுபார்ப்பவர். சாவியின் மயிரிழைப் பள்ளத்தைக்கூட வெறும் கண்ணால் பார்க்கிறவர். அவர் பக்கத்தில் யாருக்கும் இந்தக் கோளாறு கிடையாது. "இது நான் எழுதி வச்ச சொத்து" என்று ஆவியக்கா வேடிக்கையாகச் சொல்லுவாள். சொல்லும்போதெல்லாம் உள்ளே சுருக்கென்றிருக்கும். ஒருநாள் மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். அம்மாவை அழைத்த அதே பெயரை அவளுக்கும் வைத்திருந்தார்கள்.

"எனக்கும் அதே பேருதான்டி. நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி. யாரு வந்தாலும் நாம கட்சி தாவ மாட்டோம்" என்றாள் அம்மா.

மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக் கடைக்குப் போனால் இருவருக்கும் ஒரே நிறச் சட்டம் வேண்டும் என்பாள். இப்போது பதின்மூன்று வயது. இந்த வயதில் லேசர் செய்ய மாட்டார்கள், பவர் ஏறாமல் நிலைக்க வேண்டும், பதினெட்டாவது ஆக வேண்டும் என்று அவளுக்கே தெரியும். பள்ளிக் கைப்பந்து அணியில் விளையாடியதால் கண்ணுக்குள் மாட்டும் லென்ஸாவது வாங்கித் தரும்படி சில மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

இந்த நிலையில் தான் மட்டும் வெறும் முகத்தோடு வீட்டுக்குள் நுழைவதை நினைத்தாலே ஆவியக்காவுக்குக் கூசியது. ஆனாலும் கண் மருத்துவமனையில் நேரம் வாங்கினாள். கணவரிடம் மட்டும் சொன்னாள். மகளிடம் கூடுதல் வேலை என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

கடையைப் பூட்டிவிட்டு அவரும் கூட வந்தார். கருவி மாற்றிக் கருவியாகத் தாடையை வைக்கச் சொன்னார்கள். பிறகு கண்மணி விரிய மருந்து விட்டுக் காத்திருப்பு அறையில் உட்கார வைத்தார்கள். வரிசையாக எல்லோரும் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கிடந்தார்கள். அந்த இருட்டில் அவள் எப்போதும் இல்லாத துணிவோடு யோசித்தாள். இத்தனை வருடம் யாருக்காகவோ ஓடியாயிற்று. இது ஒன்று எனக்கு.

"நான் பண்ணிக்கிறேங்க" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"பாப்பாகிட்ட என்ன சொல்லப் போற?"

"பண்ணிட்டுச் சொல்லிக்கலாம். அழுதா அழட்டும்."

அவர் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா திரையில் வண்ண வண்ணமாக இருந்த கருவிழிப் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க கருவிழி ரொம்ப மெல்லிசா இருக்கும்மா. லேசர்ல அதைத்தான் சீவி எடுக்கணும். உங்க பவருக்கு நிறையச் சீவணும். மிச்சம் இருக்கிறது தாங்காது."

"கொஞ்சமாவது கொறைக்க முடியாதா, டாக்டர்? முழுசா வேண்டாம்."

"பின்னாடி கருவிழி பலமில்லாம முன்னால புடைச்சிட்டா, இப்ப இருக்கிற பார்வையும் போயிடும். நான் பண்ண மாட்டேன். வேற எங்கயாவது பண்றேன்னு சொன்னாலும் போகாதீங்க."

வெளியே வந்தபோது வெயில் ஊசியாய்க் குத்தியது. கறுப்புக் கண்ணாடி ஒன்றைத் தன் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, கணவரின் முழங்கையைப் பிடித்தபடி நடந்தாள். அழுகை வந்தது, மருந்தின் மேல் பழியைப் போட்டாள். வழி பாதி கடந்ததும் அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதி தட்டுப்பட்டது. இனி மகளிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மகள் பயிற்சி முடிந்து முன்னதாகவே வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் கிட்டே வந்து முகத்தைப் பார்த்தாள். வருடாவருடம் அவளுக்கும் அந்த மருந்தை விடுகிறார்கள். அவளிடம் மறைக்க முடியுமா?

"வேலைக்குன்னு சொன்ன. மருந்து விட்டிருக்காங்க. கண்ணு ஃபுல்லா கறுப்பா இருக்கு."

"சும்மா செக் பண்ணத்தான் போனேன்."

"லேசர் பண்ணிக்கப் போறியாம்மா?"

"இல்ல. பண்ணிக்கல."

"ஏன்?"

அம்மா பதில் தேடினாள். கருவிழி மெல்லியது, அவ்வளவுதான் பதில். அது நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் மகளே கேட்டுவிட்டாள்.

"எனக்காகவா?"

அவள் ஆமென்று சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். அது போதுமாக இருந்தது. மகள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். வீட்டு வாசலில் நின்ற கணவர் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு மரியாதை கூடியது. மகள் கேட்காமலே பாத்திரம் கழுவினாள். மணிக்கட்டுத் தழும்புக்குக் களிம்பு தடவிவிட்டாள். "எங்கம்மா எனக்காக ஆபரேஷன விட்டுட்டாங்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். பள்ளியில் பெற்றோரை வரவழைத்தபோது வகுப்பாசிரியை எல்லோர் முன்னிலையிலும் எழுந்து வந்து ஆவியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களப் பத்திப் பொண்ணு வகுப்புல பேசினா. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு." திருடிய நகையைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனவள் மாதிரி அவள் கூசி நின்றாள். களிம்பு தடவும் விரல் படும்போதெல்லாம் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. அழுதா அழட்டும். அந்தச் சொல் சோற்றுக்கல் போல நெருடியது.

"இதுல என்ன கெட்டுப்போச்சு? புள்ள நல்லதுதானே நினைச்சிருக்கா. அப்படியே விடு" என்றார் கணவர்.

விடவும் பார்த்தாள். ஆனால் ஆட்டத்தில் பந்து வந்து அடித்ததில் ஒருநாள் மகளின் கண்ணாடிச் சட்டம் மூக்குத்தண்டைக் கிழித்துவிட்டது. பிளாஸ்திரியோடு வந்தவளிடம், "நாளைக்கே லென்ஸுக்குப் போயிடலாம்" என்றாள் அம்மா.

"வேண்டாம்மா. நீ எனக்காகக் கண்ணாடியோட இருக்க. நான் மட்டும் எப்படிக் கழட்டிப் போடுறது? நான் டீம்ல இருந்து விலகிக்கிறேன். சீருடையத் திருப்பித் தரணும். நல்லா தேய்ச்சுக் குடு."

மகள் முகத்தில் தியாகத்தின் சந்தோஷம்கூட இருந்தது.

விடுமுறைக் காலை. மேசைமேல் போர்வையை மடித்துப் போட்டு, அணிச் சீருடையை விரித்தாள். வாழ்நாளில் எத்தனையோ துணியை அழுத்தியிருக்கிறாள், இந்தச் சின்னச் சட்டையின்மேல் கை நகரவில்லை. முதுகில் இருந்த எண்ணைச் சுற்றிச் சுற்றியே தேய்த்தாள். மகள் எதிரே உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு பழைய பூட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் உனக்காக விடல."

"எதை?"

"லேசரை. டாக்டர் முடியாதுன்னுட்டாங்க. என் கருவிழி மெல்லிசாம். முடியும்னு சொல்லியிருந்தா பண்ணிட்டுத்தான் வந்திருப்பேன்."

மகளின் கால் நின்றது. "அன்னைக்கு நான் கேட்டேனே."

"கேட்ட. நான் சொல்லல. உனக்கு அப்படித் தோணினது எனக்கு நல்லா இருந்துச்சு."

கணவர் நிமிர்ந்து பார்த்தார். போதும் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தார். ஆனால் பாதியில் நிறுத்தினால் மிச்சம் மறுபடி உள்ளே கிடந்து அறுக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"உங்கப்பா உன்கிட்ட என்ன சொல்லப் போறன்னு கேட்டாரு. அழுதா அழட்டும்னு சொன்னேன்."

"அப்போ என்னைப் பத்தி நீ யோசிக்கவே இல்லையா?"

"யோசிச்சேன். யோசிச்சுட்டுத்தான் அப்படிச் சொன்னேன்."

மகள் எழுந்தாள். சீருடையை மேசையிலிருந்து உருவிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவை அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "இவ்வளவும் சொல்லணுமா?" என்று கணவர் கேட்டார்.

மறுநாள் மகள் சீருடையைப் பைக்குள் வைத்துக்கொண்டு பயிற்சிக்கே போனாள். திருப்பித் தரவில்லை. அம்மாவிடம் பேச்சு மட்டும் முறிந்திருந்தது. பேசினாலும் ஒரு வார்த்தைதான்.

"குழம்பு சூடு பண்ணிட்டேன்."

"நிஜமாவா?"

"நாளைக்கு எனக்குக் காலை ஷிப்டு."

"நிஜமாவா?"

ஆவியக்கா ஒவ்வொரு முறையும் "நிஜமாத்தான்" என்று சொன்னாள். கோபப்பட உரிமையில்லை என்று நினைத்தாள். களிம்பு அலமாரியிலேயே கிடந்தது. ஆனால் சலவைக்கூடத்தில் அவள் மூச்சு விடுவது சுலபமாகியிருந்தது. ஒருநாள் மேற்பார்வையாளரிடம் போய், மூடிய ஆவியில் கண் தெரியவில்லை, கையைச் சுட்டுக்கொண்டேன், என்னை மடிக்கிற பக்கம் மாற்றுங்கள் என்று நேரடியாகக் கேட்டாள். அவரும் இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டு மாற்றினார். பெயர் மட்டும் மாறவில்லை.

லென்ஸுக்கு மகளை அப்பா அழைத்துப் போவதாக இருந்தது. கிளம்பும் நேரத்தில் மகள், "அம்மா வரட்டும்" என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அங்கே முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, விரல் நுனியில் லென்ஸை ஏந்திக்கொண்டு மகள் வெகுநேரம் போராடினாள். கண் தானாக மூடிக்கொண்டது. லென்ஸ் கன்னத்தில் ஒட்டியது, மடியில் விழுந்தது. அம்மா குனிந்து தேடினாள். கடைசியில் இரு கண்ணிலும் அது உட்கார்ந்ததும் மகள் அசையாமல் இருந்தாள். பிறகு திரும்பி அம்மாவையே பார்த்தாள். அந்த வெறும் முகத்தை அம்மாவும் பார்த்தாள். இதே முகத்தோடு தான் வீட்டுக்கு வரப்போவதை எண்ணிக் கூசியதெல்லாம் ஞாபகம் வந்தது. இப்போது தன் மனதில் இருப்பது சந்தோஷமா, பொறாமையா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்தன.

பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"கிளாஸ் மிஸ்கிட்ட நான் இன்னும் மாத்திச் சொல்லல" என்றாள் மகள்.

"நான் வந்து சொல்றேன்."

"வேண்டாம். எனக்கு அசிங்கமா இருக்கும். அப்புறமா நானே சொல்லிக்கிறேன்." கொஞ்சம் பொறுத்து, "நீ பண்ணிட்டு வந்திருந்தா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். அவ்வளவுதான்மா. இதுக்குப் போய்..." என்று நிறுத்தினாள்.

"தெரியுது. இப்பத் தெரியுது."

பேருந்து வளைவில் திரும்பி வந்தது. மகள் அதன் எண்ணைத் தூரத்திலேயே படித்துவிட்டு எழுந்து நின்றாள்.

"பதினெட்டு வயசானதும் நான் லேசர் பண்ணிப்பேன். முடியும்னு டாக்டர் சொன்னா, கண்டிப்பாப் பண்ணிப்பேன். அப்ப உனக்குக் கஷ்டமா இருக்குமா?"

அம்மா யோசித்தாள்.

"கொஞ்சம் இருக்கும்."

மகள் இந்த முறை நிஜமாவா என்று கேட்கவில்லை. படியில் ஏறிவிட்டு, அம்மா ஏறக் கை நீட்டினாள்.