ஆறாவது சம்மனசு உடுப்பு

கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதர்களாக வரும் பிள்ளைகளுக்கு ஆறு சம்மனசு உடுப்புகள் தைத்திருந்தேன். இறக்கை காகிதம். துணி, என் மாணவி லூர்துவின் அப்பா ஆலையிலிருந்து கொண்டுவந்த கழிவு வெள்ளைத் துணி.

லூர்துவும் சம்மனசு வேடம் கேட்டாள். "கறுப்பா இருக்கியே, எடுபடாதும்மா" என்றேன்; கூட இருந்த டீச்சர்களும் தலையாட்டினார்கள். அவளுக்குச் சாக்கில் ஆட்டுக்குட்டி வேடம் தைத்தேன்.

இன்று காலை அவள் அப்பா வந்து நின்றார்.

"பொண்ணு காய்ச்சல்ல போயிட்டா வாத்தியாரம்மா. பொட்டியில வைக்க ஒரு சம்மனசு உடுப்பு குடுங்க."

சின்னப் பிள்ளைகளை நாங்கள் அப்படித்தான் அடக்கம் செய்வோம். கொடுத்தேன்.

மாலையில் உப்பளம் கல்லறைத் தோட்டத்தில், பெட்டியை மூடுமுன் அவளைப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. கறுப்புக்கு வெள்ளை நன்றாகவே எடுபட்டது.

நாளை மேடையில் ஐந்து சம்மனசுகள்தான். ஆறாவது எங்கே என்று பள்ளித் தலைமை மதர் கேட்பார். அன்று என்னோடு சேர்ந்து தலையாட்டியவர்களே, என்ன சொல்லட்டும்?