அக்காவுக்கு வார்த்த தொட்டி

பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வார்க்கும் பட்டறையில் அவனுக்கு ராட்டினம் என்று பெயர். தூள் கொட்டிய அச்சை அடுப்புக்குள் சுற்றவிட்டு, தூள் உருகிச் சுவரெல்லாம் ஒட்டும்வரை காவல் நிற்பது அவன் வேலை. வாழ்நாளெல்லாம் சுற்றியும் ஓரடி முன்னேறாத ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் கிடைக்காது.

அம்மா போனபின் அவனை ஆளாக்கியது அக்கா. உலகத்தில் அவனை நம்பிய ஒரே ஜீவனும் அவள்தான். முட்டி தேய்ந்த அவள் மாடிக்கு வாளி தூக்குவதைப் பார்க்க அவனுக்கு மனசு கேட்கவில்லை. "என் கையால ஒரு தொட்டி செஞ்சு வைக்கிறேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அந்தச் சமயத்தில் முதலாளி நானோ களிமண் தூள் வாங்கிவந்தார். கண்ணுக்கே தெரியாத துகள்கள்; கொஞ்சம் சேர்த்தால் மெல்லிய சுவரும் இரும்பாய் நிற்குமாம். ஆனால் சும்மா கலந்தால் போதாது. பிளாஸ்டிக்கோடு உருக்கிப் பிசைந்து, மறுபடி அரைத்துத் தூளாக்க வேண்டும். உருக்கும் மெஷினோ பழுதாகிக் கிடந்தது.

"மெஷின் சரியாகட்டும், பொறுய்யா" என்றார் மேஸ்திரி.

முதல் தொட்டி அக்காவுக்குத்தான் என்று முதலாளி வேறு சொல்லிவிட்டார். ராட்டினத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மேஸ்திரி லீவு போட்ட நாளாகப் பார்த்து, இரண்டு தூளையும் டிரம்மில் கொட்டிக் கையாலேயே கிளறி அச்சில் போட்டுவிட்டான்.

சோதனைக்கு, வழக்கம்போல் மூடி வரும் இடத்தில் வெட்டியெடுத்த வட்டத் துண்டை ஐஸில் குளிரவைத்து, மேலே இரும்புக் குண்டைப் போட்டான். கீறல்கூட விழவில்லை. மேல்பக்கத்துத் துண்டு அடிமூலைக்குச் சாட்சி சொல்லுமா என்று அந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

மாடியில் ஏறிய மாதமே தொட்டியின் அடிமூலை பிளந்தது. சத்தம் கேட்டு ஓடிய அக்கா, படியில் வழிந்த தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. இனி நடப்பது சந்தேகம் என்றார் டாக்டர்.

அவன் உடைந்த மூலையை அறுத்துப் பார்த்தான். களிமண் தூள் கலக்காமல் கடுகு கடுகாகத் திரண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அக்கா புருஷன், "தொட்டிக்கு அடியில தளத்தைச் சமமாப் போடாத அந்தக் கொத்தனாரைச் சும்மா விடமாட்டேன்" என்று குதித்துக்கொண்டிருந்தார். அக்கா படுத்தபடியே தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க, தம்பி வேலையில குறை இருக்காது" என்றாள்.

"கொத்தனார் மேல தப்பில்ல மாமா. அக்கா, என் தப்புதான். கலக்க வேண்டிய மாதிரி நான் கலக்கல."

"தெரியாமத்தானடா செஞ்ச?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லக்கா. பொறுக்கச் சொன்னாங்க. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அக்கா அவன் கையிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.