பள்ளிக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை

கொல்லிமலையில் எங்கள் ஊரில் எதையும் சாமியிடம் கேட்டுத்தான் செய்வார்கள். சாமை விதைக்கவும் கேட்பார்கள், பெண் கொடுக்கவும் கேட்பார்கள். கேட்டுச் சொல்பவர் என் அப்பா. அவர்தான் கோயில் பூசாரி. சாமிக் கல்லின் தலையில் ஈரப் பூவை ஒட்டவைத்துவிட்டுக் கண்ணை மூடி நிற்பார். பூ வலப்பக்கம் விழுந்தால் சாமிக்குச் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும்.

1997-இல் நான் எட்டாவது முடித்தேன். எங்களுக்கு எட்டிய தூரத்தில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. ஒன்பதாவது படிக்க மலையிறங்கி, அடிவாரத்து ஊரில் விடுதியில் தங்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் போனதில்லை. கீழே பிறத்தியார் ஆக்கிய சோற்றைத் தின்றவர்கள் கோயிலின் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது என்பது சாமி கட்டளை. பூசாரி வீட்டிலேயே ஒருவர் தின்றுவிட்டால் பூசாரி சாமியைத் தொடக் கூடாது. சந்தைக்குப் போகும் ஆண்கள் பரோட்டா தின்றுவிட்டு வருவது ஊருக்கே தெரியும். ஓடையில் ஒரு முழுக்குப் போட்டால் அவர்கள் தீட்டுப் போய்விடும். பெண்பிள்ளை வயிற்றுக்கு மட்டும் எந்த ஓடைத் தண்ணீரும் போதாது.

அப்பா எனக்காகப் பூக் கேட்டார். நான் எல்லைக் கல்லுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பூ இடப்பக்கம் விழுந்தது.

“சாமி வேண்டாங்குது கண்ணு” என்றார்.

“இன்னொருக்கா கேளுங்கப்பா.”

“ஒருக்காத்தான் கேக்கோணும்.”

நான்கு நாள் அவரோடு பேசவில்லை. சாமியோடும்தான். கோயில் விளக்கைத் துலக்கச் சொன்னபோது முடியாது என்று சொல்லிவிட்டு மிளகுக்கொடிப் பக்கம் போய் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அப்போது சாமியைப் பிடிக்கவில்லை. இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சமில்லை.

பள்ளிக்கூடத்து வாத்தியார் விடாமல் வந்து கேட்டதால் ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டார். ஊருக்கு அவர் வாக்குத்தான் கடைசி வாக்கு. வாத்தியார் பேசியதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, “பூ உழுந்த பொறவு பேச என்னங்க இருக்குது?” என்றார். அப்பா தலையைக் குனிந்தபடி நின்றார். அப்போதுதான், கூட்டத்தில் வாயே திறக்காத என் அம்மா எழுந்தாள்.

“ஏனுங்க, இவளுக்கு நாலு வயசுல அம்மை போட்டுச்சுங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? அன்னைக்கு நான் சாமிகிட்ட வேண்டிக்கிட்டனுங்க. இவ பொழச்சா, எத்தன படிப்பு இருக்குதோ அத்தனையும் படிக்க வெக்கிறேன்னு. புள்ள பொழச்சிக்கிட்டா. இப்ப நான் வாக்கத் தவறினா சாமி யாரக் கேக்கும்?”

எங்கள் ஊரில் கட்டளையை மீறினால் அபராதம் கட்டித் தப்பலாம். வேண்டுதலை நிறைவேற்றாவிட்டால் தப்ப வழியே இல்லை. மழை பொய்த்தாலும் மாடு செத்தாலும் அந்த வேண்டுதல்தான் காரணம் என்பார்கள். அந்தப் பழியைத் தலையில் போட்டுக்கொள்ள ஊர்க்கவுண்டருக்குத் துணிவில்லை. தாடையைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். பிள்ளை போகலாம், அப்பா பூசாரியாகவே இருக்கலாம். ஆனால் லீவுக்கு வரும்போது நான் அடுப்படிக்குள் நுழையக் கூடாது, எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். “நெசமாவே வேண்டிக்கிட்டியாம்மா?”

“சாமி கேட்டா அதுகிட்டச் சொல்லிக்கிறேன். உனக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு என் பையை எடுத்து முந்தானையால் தூசி தட்டினாள்.

விடுதியில் முதல் இரண்டு நாள் வீட்டிலிருந்து கொண்டுபோன பொரிமாவைத் தின்றே ஓட்டினேன். மூன்றாம் நாள் மாவு தீர்ந்தது. சாம்பார் சோற்றில் முதல் கவளத்தை எடுத்தபோது அப்பாவை நினைத்து அழுகை வந்தது. அப்புறம் பசி வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி வாங்கித் தின்றேன்.

அடுத்த வருடம் ஊரில் இன்னொரு அம்மாவுக்குத் தன் வேண்டுதல் ஞாபகம் வந்தது. அதற்கடுத்த வருடம் இரண்டு பேருக்கு. எங்கள் ஊரில் அம்மை போடாத, காய்ச்சலில் கிடக்காத பெண்பிள்ளையே அந்தக் காலத்தில் இல்லை போலும். ஊர்ப் பையன்கள் எங்களை நேந்துவுட்ட கெடா என்று கேலி செய்தார்கள். கிடாயை வெட்டுவார்கள், எங்களுக்குப் பரீட்சை வைப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நாங்களும் சிரித்துக்கொண்டோம்.

சிரிப்பெல்லாம் விடுதியோடு சரி. நோம்பி, திருவிழா என்று ஊருக்கு வந்தால் நாங்கள் கல்லுக்கு வெளியேதான் நின்றோம். பூசை முடிந்ததும் அம்மா என் பங்குத் திருநீற்றை இலையில் வாங்கி வந்து தருவாள். எனக்கு அவமானமாக இருக்கும். அப்பா எங்கள் பக்கம் திரும்பவே மாட்டார்.

2000-ஆம் வருடத் தை நோம்பியில் நாங்கள் நான்கு பேர் நின்றோம். நான்காவது பெண் ஊர்க்கவுண்டரின் பேத்தி. தீபம் காட்டி முடித்த அப்பா, திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு நேராக எங்களைப் பார்த்து நடந்து வந்தார். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, “உள்ள வாங்க சாமி” என்று எங்களைக் கூப்பிட்டார்.

ஊர்க்கவுண்டர் பின்னாலேயே வந்துவிட்டார். “பூக் கேட்டீங்களா பூசாரி?”

“கேக்கலீங்க.”

“கேக்காம எப்படீங்க?”

பூக் கேட்காமல் விதைகூடத் தூவாத மனிதர் அப்பா.

“கேட்டு, எடப்பக்கம் உழுந்துட்டா என்னங்க பண்றது?”

ஊர்க்கவுண்டர் எங்களைப் பார்த்தார். தன் பேத்தியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு வழியை விட்டு ஒதுங்கி நின்றார். நான்தான் முதலில் கல்லைத் தாண்டினேன். திருநீறு பூசும்போது அப்பாவின் கை ஆடியதில் பாதி என் கண்ணில் விழுந்தது.