காகிதம் என்று சொன்ன பெட்டி

என் வீட்டுக்காரர் நல்லவர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். எந்த வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. மேசையைத் தட்டுவார், அலமாரியைத் தட்டுவார், கட்டில் காலைத் தட்டுவார். டொக், டொக். உடனே தீர்ப்பும் சொல்லிவிடுவார். "இது மரம் இல்ல, மரத்தூளை ஒட்டின பலகை." கேட்டாரா யாராவது? யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே சொல்வதுதான் இவருடைய சேவை. அதனால் கடையில் இவருக்கு டொக்கு மாஸ்டர் என்றே பெயர்.

கடை என்றால் ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடை. முன்னறையில் இரண்டு பேர் கம்பி, காந்தம் என்று உள்சாமான்களைப் பார்ப்பார்கள். பின்னறையில் இவர் பெட்டிகளைப் பார்ப்பார். நல்ல ஸ்பீக்கர் பெட்டியின் வெளிப்புறத்தில் வெனீர் என்று ஒன்று ஒட்டியிருக்கும். அசல் மரத்தைக் காகிதத்தைவிடச் சற்றே தடிப்பாகச் சீவி, பலகை மேல் ஒட்டுவது. விலை குறைந்த பெட்டிகளில் அதற்குப் பதில் மர ரேகையை அச்சடித்த காகிதம் இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்வதில் இவருக்கு ஒரு தனிக் கர்வம். கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தால் அசல் மரத்தின் ரேகை விரலில் தட்டுப்படுமாம்; என் மகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

வேலையில் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கத் துணிச்சட்டத்தைக் கழற்றி, உள்ளே பாடுகிற காகிதக் கூம்பைத் தாளால் மூடி, மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுவார். வேறொரு துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பிழிந்து, ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்போது ரேகையோடு போகிற திசையிலேயே துடைப்பார். காய்ந்த பிறகு மெழுகு. அதற்குப் பழைய பனியன் துணிதான் வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பனியனும் கிழிந்து குப்பைக்குப் போனதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி வைத்திருந்தார்: எந்த மருந்தையும் முதலில் பெட்டியின் பின்பக்கம் ஒரு மூலையில் போட்டுப் பார்க்க வேண்டும். "முதல்ல முதுகு, அப்புறம்தான் முகம்" என்று என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி, அவள் முகத்துக்கு பவுடர் போடும்போதுகூட அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மகளுக்குக் கல்யாணமாகி, நாங்கள் முதன்முதலாகச் சம்பந்தி வீட்டுக்குச் சாப்பிடப் போன நாளில்தான் மானம் கப்பலேறியது.

கிளம்பும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. இவர் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி வீட்டுக்குப் பழத்தோட போவாங்க. ஸ்பிரிட் பாட்டிலோட யாராவது போவாங்களா?" என்றேன்.

"அவர் ஸ்பீக்கர் வெச்சிருக்காராம்டி. ஒரு தொடை தொடைச்சுக் குடுத்தா சந்தோஷப்படுவார்."

சம்பந்தி பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். கூடத்தில் சன்னலின் இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். தினமும் காலையில் தானே துடைப்பாராம், வேறு யாரையும் தொட விடமாட்டாராம். "வால்நட் மரம்னு சொல்லிக் குடுத்தாங்க. நீங்க இந்த லைன்ல இருக்கிறவர், ஒரு பார்வை பாருங்க சம்பந்தி" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த ஆசையை நான் பார்த்தேன். பக்கத்தில் அவருடைய தம்பியும் உட்கார்ந்திருந்தார். எதையும் கேலி பேசுகிற ஆள்.

இவர் குனிந்து பார்த்தார். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் போட்டால் வயசு தெரிந்துவிடுமே. இந்தப் பெட்டியைப் பார்த்தார், அந்தப் பெட்டியைப் பார்த்தார், சிரித்தார்.

"ரெண்டுலயும் ரேகை அச்சு அசலா ஒண்ணா இருக்கு பாருங்க. ஒரு மரம் மாதிரி இன்னொரு மரம் இருக்குமா? இது காகிதம் சம்பந்தி."

சொன்னதோடு விட்டாரா? நிரூபிக்க வேண்டுமாம். ஸ்பிரிட்டைத் துணியில் ஊற்றி, பெட்டியின் தலையில், எல்லோர் கண்ணுக்கும் படுகிற இடத்தில், அழுத்தித் தேய்த்தார். துணி பழுப்பாக வந்தது. அதைத் தூக்கிக் காட்டினார். "பாத்தீங்களா? அச்சு மை. மரமா இருந்தா சாயம் வருமா?"

தம்பி தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஏண்ணே, இத்தனை வருஷமா காகிதத்துக்கா குளிப்பாட்டிக்கிட்டு இருந்த?"

சம்பந்தி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பரவாயில்ல. பாடுறதே உள்ள இருக்கிற காகிதம்தானே" என்றார். எனக்கு அங்கேயே எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

இவர் இன்னும் நன்றாகக் காட்டுகிறேன் என்று மறுபடி தேய்த்தார். தேய்த்த இடத்தில் கட்டைவிரலை வைத்து இழுத்தார். விரல் பாதியில் நின்றது. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த விரல் நின்றது போதும். மெதுவாகக் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு பாட்டிலை மூடினார். "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்தார்.

என் மகள் டீத்தட்டோடு வந்தாள். தட்டை வைத்துவிட்டு, உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப்போயிருந்த அந்த இடத்தைத் தன் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது பேருந்தில் சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "அது மரம்" என்றார்.

"என்னது?"

"அசல் வால்நட். ஒரே கட்டையிலேருந்து அடுத்தடுத்துச் சீவின தகடு. அதான் ரெண்டுலயும் ஒரே ரேகை. தெரிஞ்ச விஷயம்தான், நெனப்பு வரல."

"அப்போ அந்தப் பழுப்பு?"

"அரக்கு பாலிஷ். ஸ்பிரிட் பட்டா கரையும். சாயம் இல்ல, அரக்குதான் கரைஞ்சு வந்துச்சு."

எனக்கு ரத்தம் கொதித்தது. தப்பு செய்வது மனிதர் குணம், யானைக்கும் அடி சறுக்கும். தப்பென்று தெரிந்த பிறகும் அந்த மனிதரை அவர் தம்பி முன்னால் கேலிப்பொருளாக விட்டுவிட்டு, டீயையும் குடித்துவிட்டு வந்தாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இப்பவே இறங்குங்க. போய்ச் சொல்லிட்டு வரலாம்" என்றேன்.

"அடுத்த தடவை சொல்லிடறேன்."

அடுத்த தடவை போனோம். கூடத்தில் சன்னல் ஓரம் காலியாக இருந்தது. ஸ்பீக்கர் இரண்டும் சமையலறை வாசல் மூலையில், ஒன்றின் தலையில் துணிக்கூடை, இன்னொன்றின் தலையில் பழைய செய்தித்தாள் கட்டு. காகிதப் பெட்டிக்கு இந்த மரியாதை போதும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அதற்குள் சம்பந்தியின் தம்பி வந்து, "வாங்க, காகிதக்காரர் வீட்டுக்கு வந்தீங்களா" என்றார். அண்ணனுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டாராம். சம்பந்தி சிரித்தார். இவர் செருமலை விழுங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு சாக்குகள். முதுகு வலி, கடையில் வேலை, பேருந்து கூட்டம். நான் தனியாகப் போய் வந்தேன். சில சமயம் நான் பிடித்து இழுத்துக்கொண்டு போனால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தலையைக் குனிந்துகொள்வார். மகள் போனில், "அப்பா ஏன்மா இப்பல்லாம் என்கிட்ட சரியா பேசறதில்ல?" என்று கேட்டாள். என்னவென்று சொல்வேன்? உன் வீட்டில் காலடி வைக்க உன் அப்பாவுக்கு முகமில்லை என்றா சொல்வேன்?

கடையிலும் மாறிவிட்டார். தட்டுவது நின்றது. யாராவது, "மாஸ்டர், இது அசலா?" என்று கேட்டால், "பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் திருப்பி, மணிக்கணக்கில் பார்ப்பாராம். முன்னறைக்காரர் என்னிடம், "அண்ணி, மாஸ்டருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வாய் நீளம் என்று இத்தனை வருஷம் திட்டிய எனக்கே, வாய் குட்டையான இந்த மனிதரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கடைசியில் ஒரு நாள் காலையில் காபியை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன். "இன்னைக்கு நீங்க போய்ச் சொல்லணும். இல்லைன்னா நான் போன் பண்ணிச் சொல்லிடுவேன். புருஷன் பண்ணின தப்பைப் பொண்டாட்டி சொல்றது இன்னும் அசிங்கம், யோசிச்சுக்கோங்க."

காபியைக் குடிக்கவில்லை. எழுந்து சட்டையை மாட்டினார். முன்கூட்டிச் சொல்லாமலே கிளம்பிப் போனோம்.

கதவு திறந்திருந்தது, கம்பிக்கதவு மட்டும் சாத்தியிருந்தது. உள்ளே கூடம் தெரிந்தது. சன்னலின் இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர்கள், பழைய இடத்திலேயே. சம்பந்தி முழங்காலிட்டு, மெல்லிய துணியால், ரேகையோடு போகிற திசையில் துடைத்துக்கொண்டிருந்தார். வெளுத்த இடத்துக்கு வந்ததும் கையை இலேசாக்கி, அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

எங்களை முதலில் பார்த்தது சம்பந்தியம்மா. "அய்யோ, அவங்க வந்துட்டாங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். என் மகள் துணிக்கூடையோடு ஓடி வந்து பெட்டியின் தலையில் வைத்தாள். சம்பந்தி இன்னொரு பெட்டியைக் கட்டிப்பிடித்துச் சமையலறைப் பக்கம் நகர்த்தப் பார்த்தார். அது பாதியில் கம்பளத்தில் மாட்டிக்கொண்டது. மூன்று பேரும் அப்படியே நின்று எங்களைப் பார்த்து முழித்தார்கள். திருடியது நாங்கள், திருட்டு முழி முழித்தது அவர்கள்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. இவருக்கு விளங்கிவிட்டது. உள்ளே போய்க் கூடையைத் தூக்கினார். கூடையின் அடியில் பனியன் துணி மடித்துத் தைத்திருந்தது. மகள் எடுத்துப்போன எங்கள் வீட்டுப் பனியன். மரத்தில் கீறல் விழக் கூடாதென்று தைத்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கூடையைத் தரையில் வைத்தார்.

"சம்பந்தி, இது மரம்" என்றார். "அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டுப் போயிட்டேன்."

சம்பந்தி பெட்டியை விட்டு எழுந்தார். "தெரியும் சம்பந்தி. நீங்க பஸ் ஸ்டாப்புக்குப் போறதுக்குள்ள மருமக சொல்லிட்டா. எங்கப்பா தப்பா சொல்லிட்டார் மாமா, அவரே வந்து சொல்லுவார், அதுவரைக்கும் காட்டிக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டா. அவதான் கூடை வைக்கிற ஏற்பாடெல்லாம்."

இவர் மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒவ்வொரு தடவையும் நீங்க கிளம்பிப் போனதும் மாமா என்னைப் பார்ப்பார்ப்பா. ஒண்ணும் கேக்கமாட்டார். நானேதான், 'அடுத்த தடவை கண்டிப்பா சொல்லிடுவார் மாமா'ன்னு சொல்லுவேன். போன தடவை அதைச் சொல்ல எனக்கே வாய் வரல."

நான் தரையைப் பார்த்தேன். அந்த வீட்டுத் தரையில் என்ன நிறத்தில் கல் பதித்திருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் நன்றாகத் தெரியும். பெற்ற பிள்ளை எங்களுக்காக ஜாமீன் நின்றிருக்கிறாள். நாங்கள் மாதக்கணக்கில் அவளை அங்கே நிற்க வைத்துவிட்டுப் பேருந்தில் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்திருக்கிறோம்.

இவர் கேட்டார்: "உங்க தம்பிக்கு?"

சம்பந்தி தயங்கினார். "அவன்கிட்ட சொல்லல. அவனுக்குத் தெரிஞ்சா ஊரெல்லாம் சொல்லுவான். உங்க தொழிலுக்கு நல்லா இருக்காது."

"அப்போ அந்தக் காகிதக்காரர் பேரு..."

"அது கெடக்குது விடுங்க. பேருதானே."

என் வீட்டுக்காரர் சோபாவில் உட்காரவில்லை. நின்றபடியே கையை நீட்டி, "அவருக்குப் போன் போட்டுக் குடுங்க சம்பந்தி" என்றார். சம்பந்தி வேண்டாம் என்றார். சம்பந்தியம்மாவும் வேண்டாம் என்றார். என் மகள்தான் தன் போனை எடுத்து, எண்ணைப் போட்டு, அப்பா கையில் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் தம்பியின் குரல் எங்களுக்கே கேட்டது. "சொல்லும்மா, உங்க மாமனார் காகிதப் பெட்டியைக் குளிப்பாட்டியாச்சா?"

"மக பேசல. நான் அவ அப்பா பேசறேன்" என்றார் இவர். "அது மரம்ங்க. உங்க அண்ணன் சொன்னதுதான் சரி. எனக்குத் தெரிஞ்சே இத்தனை நாளும் அவரைக் காகிதக்காரர்னு நீங்க கூப்பிடறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். இதை யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. தம்பி, "அண்ணன்கிட்ட போனைக் குடுங்க" என்றார். இவர் போனைச் சம்பந்தியிடம் நீட்டினார். சம்பந்தி வாங்கிக்கொண்ட பிறகும் இவர் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல், தலையை நிமிர்த்தவும் தெரியாமல், மகளுக்கு எதிரே அப்படியே நின்றுகொண்டிருந்தார்.